பந்தியில் யாருக்கு இடம்? கிறிஸ்தவ ஐக்கியத்தின் பொருளும் எல்லையும்

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வாலிபர் கூட்டம், ஆராதனைக்குப் பிந்திய தேநீர், பிறந்தநாள் ஜெபம் என எல்லாவற்றுக்கும் ‘ஐக்கியம்’ என்ற ஒரே பெயரைச் சூட்டுகிறார்களே, அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள் என்பது முதலாவது. சபைக் கணக்கில் தென்பட்ட ஒரு குறையைப் பற்றி நீங்களும் நண்பர்களும் கேட்டபோது ‘ஐக்கியத்தைக் கெடுக்காதீர்கள்’ என்று வாயை அடைத்துவிட்டார்களே, அது முறையா என்பது இரண்டாவது. விசுவாசத்தை விட்டு விலகிப்போன உங்கள் சித்தப்பா மகனோடு ஐக்கியம் வைக்கக் கூடாது என்று மூப்பர் ஒருவர் சொல்லியிருக்கும்போது, பொங்கலன்று அந்தச் சித்தப்பா மகன் வீட்டில் சாப்பிடலாமா என்பது மூன்றாவது. இவற்றுக்கிடையில், கத்தோலிக்கக் குடும்பத்தில் மணமுடித்துப் போன உங்கள் அக்காவுக்கு அங்கே நற்கருணை, அதாவது நாம் திருவிருந்து என்று சொல்வது, தரப்படவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உங்கள் வலி அதிகம் தெரிந்தது அந்த வரியில்தான் என்பதால், அதைக் கடைசியில் தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்குரிய சொல் கொய்னோனியா. பொதுவானது என்று பொருள்படும் கொய்னோஸ் என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. ஒரு பொருளில் பலருக்கும் பங்கு உண்டு என்ற நிலையை அது குறிக்கிறது. லூக்கா 5-ஆம் அதிகாரத்தில் யாக்கோபும் யோவானும் சீமோனுக்குக் ‘கூட்டாளிகள்’ என்று வருகிற இடத்தில், மூலத்தில் நிற்பது இதே வேரிலிருந்து வந்த சொல். அங்கே பக்தி உணர்ச்சி எதுவும் கிடையாது; படகிலும் வலையிலும், கிடைக்கிற மீனிலும் வருகிற நஷ்டத்திலும் பங்குள்ளவர்கள் என்பதே பொருள். தமிழில் இதற்கு மிக நெருங்கி வருவது ‘பங்காளி’ என்ற சொல் என்று எனக்கு எப்போதும் தோன்றுவதுண்டு. பங்காளியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரே பாட்டன் சொத்தில் இருவருக்கும் பாத்தியதை இருப்பதால் அவர் பங்காளி ஆகிறார். அவரைப் பிடிக்காவிட்டாலும், அவரோடு வழக்காடிக்கொண்டிருந்தாலும், பங்காளி பங்காளிதான். கத்தோலிக்கத் தமிழ் ஒரு ஊர்ச் சபையையே ‘பங்கு’ என்றும் அதன் குருவைப் ‘பங்குத்தந்தை’ என்றும் அழைப்பதில், திட்டமிட்டோ திட்டமிடாமலோ, இந்த ஆழம் தங்கியிருக்கிறது.

நம் கையிலிருக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இந்த ஒரே கிரேக்கச் சொல் இடத்துக்கு இடம் வேறு வேறு உடை அணிந்து வருகிறது. அப்போஸ்தலர் 2:42-இல் அது ‘அந்நியோந்நியம்’. யோவானின் முதல் நிருபத்தில் அது ‘ஐக்கியம்’. 2 கொரிந்தியர் 8:4-இல் எருசலேமின் ஏழைகளுக்கென்று திரட்டப்பட்ட காணிக்கையைப் பேசும்போது அது ‘தர்ம சகாயத்தினுடைய பங்கு’ என்ற தொடருக்குள் வருகிறது. எபிரெயர் 13:16-இல் அதுவே ‘தானதர்மம்’. மொழிபெயர்ப்பாளர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பொருத்தமான சொல்லைத்தான் இட்டிருக்கிறார்கள். ஆனால் ஜெபக்கூட்டத்துக்கும் அரிசி மூட்டைக்கும் புதிய ஏற்பாடு ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறது என்பது தமிழ் வாசகனின் கண்ணில் படாமலே போய்விடுகிறது. ‘ஐக்கியம்’ என்ற சொல்லுக்கு நம் மொழியில் இன்னொரு பழைய சாயலும் உண்டு. ஓர் அடியார் சிவனோடு ஐக்கியமானார் என்று சொல்லும்போது, இரண்டாக இருந்தது கரைந்து ஒன்றாகிவிட்டது என்றே கேட்பவர் புரிந்துகொள்கிறார். கொய்னோனியாவில் யாரும் கரைவதில்லை. பங்கு போட இருவர் இருந்தே ஆக வேண்டும். கருத்து வேறுபாடு எழுந்தாலே ஐக்கியம் குலைந்துவிட்டது என்று நம் சபைகளில் பதறுகிற பழக்கம், பாதி அளவுக்காவது, இந்தச் சொல்லின் பழைய சாயலிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

எதில் பங்கு என்று கேட்டால் யோவான் நேராகப் பதில் சொல்கிறார்: ‘எங்களுடைய ஐக்கியம் பிதாவோடும் அவருடைய குமாரனாகிய இயேசு கிறிஸ்துவோடும் இருக்கிறது.’ நீங்களும் நானும் ஒருவருக்கொருவர் பிடித்தவர்கள் என்பதற்காக ஐக்கியத்தில் இல்லை. நம் இருவருக்கும் வெளியே நிற்கிற ஒருவரில் இருவருக்கும் பங்கு கிடைத்ததால் ஐக்கியத்தில் இருக்கிறோம். எல்லை பற்றிப் பின்னால் நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் வருகிறது. விருந்துக்கு அழைத்தவர் வேறொருவராக இருக்கும்போது, பந்தியில் உட்கார்ந்திருக்கும் நாம் பக்கத்து இலைக்காரரை எழுப்பிவிட எங்கிருந்து உரிமை பெற்றோம்? அப்படி ஓர் உரிமை உண்டென்றால், அது அழைத்தவர் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

எருசலேமின் தூண்களாக எண்ணப்பட்டிருந்த மூவர் பவுலுக்கும் பர்னபாவுக்கும் ஐக்கியத்தின் அடையாளமாக வலதுகை கொடுத்த காட்சி கலாத்தியர் 2-இல் இருக்கிறது. அந்தக் கைகுலுக்கலோடு அவர்கள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: தரித்திரரை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது. அதைப் பவுல் ஏறத்தாழ வாழ்நாள் கடனாகவே எடுத்துக்கொண்டார். மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் இருந்த யூதரல்லாத சபைகள், தாங்கள் பார்த்திராத எருசலேமின் ஏழை யூத விசுவாசிகளுக்குப் பணம் திரட்டின. அந்தப் பணத்தை அங்கே கொண்டுசெல்வது தமக்கு ஆபத்து என்று தெரிந்தும் பவுல் எருசலேமுக்குப் போனார், அங்கேயே பிடிபட்டார். தேநீரோடு முடிந்துவிடுகிற ஐக்கியத்தைப் பார்த்து உங்களுக்கு ஏற்பட்ட சலிப்பில் நியாயம் இருக்கிறது. தேநீர் நல்லதுதான், ஆனால் ஒருவரின் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் மற்றவரின் கவலையாக மாறாத இடத்தில், பவுல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருப்பாரா என்பது சந்தேகமே.

இனி எல்லைக்கு வருகிறேன். புதிய ஏற்பாட்டில் ஐக்கியம் சோதிக்கப்படுகிற இடம் பெரும்பாலும் சாப்பாட்டு இடம்தான். கொரிந்து சபையில் என்ன நடந்தது என்பதைத் தமிழில் இரண்டே சொற்களில் சொல்லிவிடலாம்: பந்தி வஞ்சனை. வசதியுள்ளவர்கள் முன்னமே வந்து தங்கள் உணவைத் தின்று குடித்துவிட, வேலை முடிந்து தாமதமாக வந்த ஏழைகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ‘ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்’ என்று பவுல் எழுதுகிறார். திருவிருந்தாகிய இராப்போஜனத்தை அபாத்திரமாய், அதாவது தகுதியற்ற முறையில், உட்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கை இந்தச் சூழலில்தான் வருகிறது. நம் சபைகளில் அந்த வசனத்தை வாசித்துவிட்டு, வாரத்தில் செய்த சின்னச் சின்னத் தவறுகளை எண்ணி நடுங்குகிற ஏழைத் தாய்மார் திருவிருந்துக்கு வராமல் பின்வாங்குவதை நான் கண்டிருக்கிறேன். அது எனக்கு ஆறாத துயரம். பவுலின் எச்சரிக்கை அவர்களைக் குறிவைக்கவே இல்லை. அவர்களுக்கு மீதி வைக்காமல் தின்றவர்களைத்தான் குறிவைத்தது. அந்தப் பகுதியை அவர் முடிக்கிற விதத்தைப் பாருங்கள்: ‘ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.’

எல்லை எங்கே என்ற கேள்விக்கு வேதத்தில் எனக்குத் தெரிந்த தெளிவான வெளிச்சம், பவுல் சம்பந்தப்பட்ட இரண்டு சாப்பாடுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதில் கிடைக்கிறது. முதலாவது அந்தியோகியாவில் நடந்தது. யூதரல்லாத விசுவாசிகளோடு சேர்ந்து உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து ‘விலகிப் பிரிந்தான்’. பர்னபாவும் அவரோடு இழுபட்டுப் போனார். பவுல் அதை எல்லார் முன்பாகவும் கண்டித்தார். இது வெறும் நாகரிகக் குறைவு என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ‘சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி’ அவர்கள் நடக்கவில்லை என்றார். இரண்டாவது கொரிந்துவில். தன் தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டிருந்த ஒருவனைச் சபை பொறுத்துக்கொண்டதோடு இறுமாப்பும் அடைந்திருந்தது. அங்கே அதே பவுல், சகோதரன் என்ற பெயரோடு விபசாரக்காரனாகவோ, பொருளாசைக்காரனாகவோ, உதாசினனாகவோ, கொள்ளைக்காரனாகவோ இருப்பவனோடு ‘புசிக்கவுங்கூடாது’ என்று எழுதுகிறார். ஓரிடத்தில் சேர்ந்து சாப்பிடாததற்குக் கண்டனம். மற்றோரிடத்தில் சேர்ந்து சாப்பிடாதே என்று கட்டளை.

இரண்டையும் பிரிப்பது எது? அந்தியோகியாவில் கோடு போட்டவர்கள் செல்வாக்குள்ளவர்கள். கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் செய்த பாவம் எதுவும் இல்லை, அவர்கள் பிறப்புத்தான் காரணம். கொரிந்துவில் கோடு ஒருவனுடைய செய்கைக்கு எதிராகப் போடப்பட்டது. அந்தப் பட்டியலை மறுபடி வாசியுங்கள்: பேராசை, வசை, கொள்ளை என அதில் உள்ளவற்றில் பெரும்பாலானவை இன்னொருவரின் உடம்பையோ பொருளையோ மானத்தையோ பறிக்கிற செயல்கள். ஆகவே ஒரு கோடு முறையானதா என்று பார்க்க நான் முதலில் கேட்பது, அது யாரைக் காப்பாற்றுகிறது என்பதையே. தீங்குக்கு ஆளாகிறவரைக் காப்பாற்றுமானால் அதற்கு அப்போஸ்தலரின் ஆதரவு உண்டு. ஏற்கெனவே வசதியாக உட்கார்ந்திருப்பவரின் சௌகரியத்தைக் காப்பாற்றுமானால், அது அந்தியோகியாவில் பேதுரு போட்ட கோடு.

வரலாற்றில் இந்த இரண்டாம் வகைக் கோடுகள் எப்போதும் நல்ல பெயரோடுதான் வந்திருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்தச் சபையின் கேப் மாகாண மன்றம் 1829-இல், திருவிருந்து நிற வேறுபாடு இல்லாமல் எல்லாருக்கும் ஒன்றாகவே வழங்கப்பட வேண்டும் என்று நின்றது. 1857-இல் அதே மன்றம், ஒன்றாகக் கூடுவதே விரும்பத்தக்கதும் வேதத்துக்கு ஏற்றதும் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ‘சிலரின் பலவீனத்தின் காரணமாக’ வெள்ளையரல்லாதவர்களுக்குத் தனி இடத்தில் ஆராதனை நடத்தலாம் என்று இடம் கொடுத்தது. 1881-இல் தனிச் சபையே உருவானது. இருபதாம் நூற்றாண்டில் அரசின் நிறவெறிச் சட்டங்களுக்கு இறையியல் நியாயம் தேடியவர்கள் இந்தப் பழக்கத்தின் மேல்தான் நின்றார்கள். அந்தப் ‘பலவீனம்’ என்ற சொல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கவனியுங்கள். ரோமர் 14-இல் பலவீனருக்காக இரங்கச் சொல்கிறார் பவுல்; ஆனால் அங்கே பலமுள்ளவன் விட்டுக்கொடுப்பது தன் தட்டிலிருக்கும் இறைச்சியை. இன்னொரு சகோதரனைப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பி, அதைப் பலவீனனுக்குக் காட்டும் இரக்கம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. நிலமும் அதிகாரமும் வைத்திருந்தவர்களின் முற்சாய்வுக்குப் பலவீனம் என்று பெயரிட்டது, அந்தச் சொல்லை ஏழைகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டதற்குச் சமம்.

1982-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு கூடியபோது, தென்னாப்பிரிக்காவின் கறுப்பின, கலப்பினப் பிரதிநிதிகள் சிலர் வெள்ளையர் சபைகளின் பிரதிநிதிகளோடு திருவிருந்தில் பங்குகொள்ள மறுத்தார்கள். ஊரில் எங்களை உங்கள் பந்தியில் சேர்க்காமல், இங்கே மட்டும் சேர்ந்து உண்பது பொய் என்பது அவர்கள் வாதம். அந்தக் கூட்டம் நிறவெறிக்கான இறையியல் நியாயத்தைத் திருச்சபைக்கு விரோதமான போதனை என்று அறிவித்து, இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. வெளியே தள்ளப்பட்டவர்களே ஒரு கோடு போட்டார்கள், அந்தக் கோடு உண்மையைக் காப்பாற்றியது. இது கொரிந்துவில் பவுல் போட்ட வகையைச் சேர்ந்தது.

தொலைவில் போய் உதாரணம் தேடவே வேண்டியதில்லை என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரிதான். 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றாகவும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தனித்தனி இடத்தில் உட்காருவது, திருவிருந்தில் ஒரு சாதியாருக்குப் பின் மற்றவர் என்று வரிசை வைப்பது ஆகியவை அந்நாளில் தஞ்சை, திருச்சி, வேப்பேரி சபைகளில் வேரூன்றியிருந்த பழக்கங்கள். தஞ்சாவூரில் வேளாளக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் அறிக்கையை ஏற்க மறுத்து விலகினார்கள். இன்றும் நம் எல்லாச் சபைகளிலும் யாருடைய கீர்த்தனைகளை உருகிப் பாடுகிறோமோ, அந்த வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தை ஆதரித்தவர்களில் ஒருவர். சாதி என்பது உலகியல் ஏற்பாடே தவிர மத விஷயமல்ல என்பதே அவர்கள் தரப்பு. அவருடைய பாடல்களை நான் இன்றும் கண்ணீரோடுதான் பாடுகிறேன். அதனாலேயே இந்தச் செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு வந்த ஜெர்மானிய லுத்தரன் அமைப்பான லீப்சிக் மிஷனார், சட்டத்தால் ஒடுக்காமல் சுவிசேஷம் மெல்ல மெல்லச் சாதியைக் கரைக்கும்வரை காத்திருக்கலாம் என்ற நிலையை எடுத்தார்கள், விலகியவர்களில் பலர் அவர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். பொறுமை நல்ல குணம்தான். ஆனால் காத்திருக்கும் அந்தக் காலம் முழுவதும் பின்வரிசையில் உட்கார வேண்டியிருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கத்தோலிக்கத் தரப்பிலும் இதே கதை உண்டு. நெல்லை வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில், சாதிக்கு ஒன்றாக இரண்டு கூடங்கள் பலிபீடத்தருகே வந்து கூடும்படி கட்டப்பட்டது. ஒரே பீடம், ஒரே பலி, நடுவே தடுப்பு. 1910-இல் கௌசானல் அடிகள் அந்தத் தடுப்பை இடித்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. பிரிவினையைக் கேட்டவர்கள் தோற்றார்கள். சுவர் விழுந்தது. ஆனால் தமிழ்நாட்டில் தனிக் கல்லறைத் தோட்டமும், தேர் எந்தத் தெரு வரை போகும் என்ற தகராறும் இன்னும் முடிந்துவிடவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வடக்கன்குளத்தில் தடுப்பு இடிந்த அதே 1910-இல், ஜூன் மாதம், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா பேசினார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. மேடையில் இருந்தவர்களும் எதிரே இருந்தவர்களும் பெரும்பாலும் வெள்ளையர்கள். இந்தியாவில் மிஷனெரிகளும் இந்திய ஊழியர்களும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை, சேர்ந்து உண்பதில்லை என்பதை அவர் அவர்கள் முகத்துக்கு நேரே எடுத்துவைத்தார். 1 கொரிந்தியர் 13-இன் சொற்களையே எடுத்து, ஏழைகளை ஊட்டினீர்கள், சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். கேட்டவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பணமும் பள்ளியும் மருத்துவமனையும் ஏராளமாக வந்து சேர்ந்த பிறகும் ஐக்கியம் வராமல் இருக்க முடியும் என்பதை அந்த உரை உலகச் சபைக்குச் சொல்லிற்று. சற்று முன்னே நான், பணத்தைத் தொடாத ஐக்கியம் ஐக்கியமாகாது என்றேன். அசரியா அதன் மறுபாதியைச் சொன்னார். கொடுப்பவர் மேலேயே நின்று கொடுத்துக்கொண்டிருந்தால், அது தர்மம் மட்டுமே, பங்கு ஆகாது.

அசரியா 1912-இல் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர். 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய சிறு குழுவினரின் அறிக்கையிலிருந்து தென்னிந்தியத் திருச்சபைகளின் இணைப்புப் பேச்சு தொடங்கியது. இருபத்தெட்டு ஆண்டுகள் பேசிப் பேசி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதற்காக உழைத்த அசரியா அதைக் காணாமல் 1945-இன் முதல் நாளில் மறைந்தார். பேராயர் முறை உள்ளவர்களும் அதை ஏற்காதவர்களும் ஒரே சபையாவதற்கு அத்தனை ஆண்டுகள் பிடித்தன என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. பங்காளிகள் மறுபடி ஒரே முற்றத்தில் உட்கார நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

போதனையின் பேரால் வரும் எல்லையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எந்தப் போதனையானாலும் பரவாயில்லை, அன்பிருந்தால் போதும் என்று புதிய ஏற்பாடு சொல்லவில்லை. இயேசு கிறிஸ்து மாம்சத்தில் வந்தார் என்பதை மறுத்துப் போதிக்க வருகிறவனை வீட்டில் ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்று யோவானின் இரண்டாம் நிருபம் கூறுகிறது. அன்று வீடுதான் சபை. ஊர் ஊராகச் செல்லும் போதகனுக்கு வீட்டில் இடம் கொடுப்பது என்றால் அவனுக்குப் பிரசங்க மேடை கொடுப்பது என்று பொருள். ஆனால் அடுத்த பக்கத்தைத் திருப்பினால் மூன்றாம் நிருபத்தில் தியோத்திரேப்பு நிற்கிறான். முதன்மையாயிருக்க விரும்பிய அவன், வந்த சகோதரரை ஏற்காததோடு, ஏற்க விரும்பியவர்களையும் சபைக்குப் புறம்பே தள்ளினான். கதவை அடைக்கச் சொன்ன அதே கை, கதவை அடைத்தவனைக் கண்டித்து எழுதுகிறது. சபையின் அஸ்திபாரத்தையே பெயர்க்கிறவன் ஒரு பக்கம். தன் தலைமைக்காகச் சகோதரனைத் தள்ளுகிறவன் மறுபக்கம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பல் மருத்துவர், பாக்தாத்தில் கொள்ளை நோயில் மனைவியைப் பறிகொடுத்தவர், 1833-இல் இந்தியா வந்து தென்னகத்தில் உழைத்தவர். நெல்லைச் சீமையைச் சேர்ந்த அருளப்பன் என்ற தமிழ் ஊழியர் அவரோடு நெருங்கி உழைத்தார். எந்தச் சபைப் பிரிவைச் சேர்ந்தவராயினும் கிறிஸ்துவின் ஜீவன் ஒருவரில் இருந்தால் அவரோடு அப்பம் பிட்கலாம் என்பதே, பின்னாளில் பிரதரன் இயக்கம் என்று பெயர் பெற்ற குழுவைச் சேர்ந்த குரோவ்ஸும் அவருடைய தோழர்களும் தொடக்கத்தில் கொண்டிருந்த கொள்கை. 1836-இல் அவர் தம் தோழர் டார்பிக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் ஜீவனை அடிப்படையாகக் கொண்ட ஐக்கியத்திலிருந்து, தவறுகளுக்கு எதிரான சாட்சியை அடிப்படையாகக் கொண்ட ஐக்கியத்துக்கு நகர்கிறீர்கள் என்று எச்சரித்தார்; மற்றவர்களின் தீமைக்காக அவர்களுடைய நன்மையிலிருந்து பிரிவதைவிட, அவர்கள் தீமையைப் பொறுத்துக்கொள்வதையே தாம் விரும்புவதாகவும் எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகளில், 1848-இல், பிரிஸ்டல் நகரச் சபை யாரைத் திருவிருந்தில் சேர்த்துக்கொண்டது என்ற தகராறில் அந்த இயக்கமே இரண்டாக உடைந்தது. ஐக்கியத்தையே நோக்கமாகக் கொண்டு புறப்பட்ட ஓர் இயக்கம், யாரோடெல்லாம் சேரக் கூடாது என்ற பட்டியலால் சிதறியது. குரோவ்ஸ் சொன்னதில் எல்லாமே எனக்கு உடன்பாடு என்று சொல்லமாட்டேன். ஒருவருடைய ‘நன்மை’ ஒரு குழந்தையின் மேல் விழும் தீமையை மறைக்கும் இடத்தில் பிரிந்தே ஆக வேண்டும். ஆனால் போதனைத் தகராறுகளைப் பொறுத்தவரை அவர் சொன்னதே சரி என்று காலம் காட்டியிருக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கணக்கைக் கேட்டவர்களிடம் ‘ஐக்கியத்தைக் கெடுக்காதீர்கள்’ என்று சொன்னது முறையல்ல. யோவான் ஐக்கியத்துக்கு வைக்கும் நிபந்தனை ஒளியில் நடப்பது: ‘நாமும் ஒளியிலே நடந்தால் ஒருவரோடொருவர் ஐக்கியப்பட்டிருப்போம்.’ கணக்கைத் திறந்து காட்டுவது ஒளியில் நடக்கும் மிக எளிய வழிகளில் ஒன்று. எருசலேம் காணிக்கையைக் கொண்டுசெல்லும்போது பவுலே தம்மோடு சபைகள் தெரிந்துகொண்ட ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஒருவரும் தம்மைக் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாய் இருப்பதாகவும் எழுதினார். அப்போஸ்தலனுக்கே சாட்சிகள் தேவைப்பட்டார்கள் என்றால் நம் கமிட்டிக்குத் தேவையில்லையா? ஆனால் நீங்கள் கேட்கும் முறையிலும் ஐக்கியம் இருக்க வேண்டும். மத்தேயு 18 சொல்வதுபோல முதலில் சம்பந்தப்பட்டவரைத் தனியே சந்தியுங்கள். பலன் இல்லையென்றால் இரண்டொருவரோடு போங்கள். அப்புறம் சபையின் பொதுக்கூட்டத்தில் எழுத்தில் வையுங்கள். கைப்பேசிக் குழுக்களில் பெயரைக் குறிப்பிட்டுப் பரப்புவதைத் தவிருங்கள். பணத்தைப் பொறுத்தவரை இந்த வரிசை போதும். ஒரு பெண்ணின் மேலோ குழந்தையின் மேலோ கை வைக்கப்பட்ட விஷயமாக இருந்தால், தனியே சந்தியுங்கள் என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். அது குற்றம், போக வேண்டிய இடம் காவல்நிலையம், அங்கே போவது ஐக்கியத்தைக் கெடுப்பதாகாது.

உங்கள் சித்தப்பா மகனைப் பற்றி. ‘ஒளிக்கும் இருளுக்கும் ஐக்கியமேது’ என்ற வசனத்தை மூப்பர் காட்டியிருப்பார். கொரிந்து ஊர்க் கோயில்களின் வழிபாட்டில் பங்காளியாகக் கூடாது என்பது அந்தப் பகுதியின் சூழல். உறவினர் வீட்டு இலையைப் பற்றி அதே கொரிந்தியர்களுக்குப் பவுல் வேறிடத்தில் நேரடியாகவே எழுதிவிட்டார்: அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்தால், போக மனதிருந்தால், முன்னே வைக்கப்படுவதை விசாரியாமல் உண்ணுங்கள் என்று. சேர்ந்து உண்ணாதே என்ற கட்டளை, சகோதரன் என்ற பெயரை வைத்துக்கொண்டே பிறரைக் கொள்ளையடிக்கிறவனுக்கு. உலகத்தாரைச் சொல்லவில்லை, அப்படியானால் நீங்கள் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்கும் என்று பவுலே விளக்கமும் தருகிறார். உங்கள் தம்பி யாரையும் ஏமாற்றவில்லை. தனக்கு இனி நம்பிக்கை இல்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். திருவிருந்தில் அவருக்கும் உங்களுக்கும் இன்று பங்கு இல்லை என்பது உண்மை, அது துக்கம்தான். அந்தத் துக்கத்தைச் சர்க்கரைப் பொங்கலின் மேல் காட்ட வேண்டாம். படையல் வைக்கும் நேரத்தில் உங்கள் மனச்சாட்சி இடம் தராவிட்டால் மரியாதையாக ஒதுங்கி நின்றுவிட்டுப் பிறகு உட்காருங்கள். அவருக்கு அது புரியும். மிக மோசமாக விலகிப்போனவனைப் பற்றிக்கூட, அவன் உனக்கு ‘ஆயக்காரனைப்போல’ இருப்பானாக என்றுதான் கர்த்தர் சொன்னார். வரி வசூலித்த அந்த ஆயக்காரரோடு அவர் எப்படிப் பழகினார் என்பதை எழுதிவைத்த மத்தேயுவே ஓர் ஆயக்காரர்.

கடைசியாக உங்கள் அக்கா. கத்தோலிக்கத் திருச்சபை நற்கருணையை ஏற்கெனவே முழுமையடைந்த ஒற்றுமையின் அடையாளமாகக் காண்கிறது; ஆகவே விசுவாச அறிக்கையிலும் குருத்துவத்திலும் முழு ஒன்றிப்பு இல்லாதவர்களுக்குப் பொதுவாக அதைக் கொடுப்பதில்லை. கிழக்கத்திய சபைகளும் அப்படியே. நம்மில் பெரும்பாலோர் அதை ஒற்றுமைக்கு இட்டுச்செல்லும் வழியாகவும் காண்பதால் கதவைத் திறந்துவைக்கிறோம். அங்கே போடப்பட்ட கோடு உங்கள் அக்காவின் பிறப்பையோ தரத்தையோ பார்த்துப் போட்டதல்ல. பிளவுபட்ட சபையின் உண்மை நிலையை மறைக்காமல் சொல்லுகிற கோடு அது. அதனால் அந்தியோகியாவின் கோட்டோடு அதை நான் ஒப்பிடமாட்டேன். ஆனாலும் ஒரே வீட்டில் கணவன் எழுந்து போக மனைவி பெஞ்சில் தனியே உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்து நிமிடம், நானூறு ஐந்நூறு ஆண்டுகளாகச் சபைகள் தீர்க்காமல் வைத்திருக்கிற கணக்கை ஒரு பெண்ணின் தோளில் ஏற்றிவைக்கிறது என்பதையும் மறைக்கமாட்டேன். பல பங்குகளில் அந்த நேரத்தில் கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு வரிசையில் போய் குருவிடம் ஆசீர் பெறலாம். அந்தப் பங்குத்தந்தையிடம் அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை உங்கள் ஊர்ச் சபையில் அசனம் நடக்கும்போது அக்காவையும் மாப்பிள்ளையையும் வரவழையுங்கள். நெல்லைப் பக்கத்துச் சபைகளில் அசனப் பந்தி என்பது என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: ஆளுக்கொரு படி அரிசி, யாரோ நேர்ந்துவிட்ட ஆடு, விடிய விடிய எரியும் அடுப்பு, மதம் பாராமல் ஊரே உட்காரும் வரிசை. சித்தப்பா மகனையும் அழையுங்கள்; அவர் வருவார் என்றுதான் நினைக்கிறேன். பரிமாறுகிற வாளி உங்கள் கையில் இருக்கட்டும், கடைசி வரிசையிலிருந்து தொடங்குங்கள்.